மாதம் பிறக்கும் முன்பே எழுதிய கணக்கு: ஜப்பானிய வீட்டுப் பேரேடு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நம் வீடுகளுக்குக் கணக்கு நோட்டு புதிதல்ல. பால் கணக்கு நாள்காட்டியில் இருக்கும். மளிகைக் கடைப் பற்று ஒரு சின்ன நோட்டில் இருக்கும். மொய்க்கென்று தனி நோட்டு, அதுவும் தலைமுறை தாண்டிக் காப்பாற்றி வைத்தது. இவை எல்லாம் செலவு நடந்து முடிந்த பிறகு எழுதுகிற கணக்குகள். மாதக் கடைசியில் துண்டு விழும்போது புரட்டிப் பார்த்தால் பணம் எங்கே போனது என்று தெரியும். அதற்குள் பணம் போய்விட்டிருக்கும்.

1904-ஆம் ஆண்டின் இறுதியில் டோக்கியோவில் ஹானி மொட்டோகோ என்ற பெண் ஒரு கணக்குப் புத்தகத்தை அச்சிட்டு வெளியிட்டார். அதில் முதலில் நிரப்ப வேண்டியது செலவுப் பத்தி அல்ல. ஒவ்வொரு இனத்துக்கும் இந்த மாதம் எவ்வளவு என்று வீடு தானே முடிவு செய்து எழுதும் தொகைதான் முதலில் வரும். மாதம் பிறக்கும் முன்பே எழுத வேண்டிய தொகை அது. ஜப்பானிய மொழியில் இந்த வகைப் புத்தகத்துக்குக் கக்கேய்போ என்று பெயர். ஹானியின் புத்தகம் இன்றும் ஆண்டுதோறும் வெளிவருகிறது. ஒரு வீட்டு உபயோகப் பொருள் நூற்றிருபது ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதே அரிது. எழுதி நிரப்ப வேண்டிய ஒரு புத்தகம் தாக்குப்பிடித்திருக்கிறது என்றால் அதன் உள்ளமைப்பைக் கூர்ந்து பார்ப்பது நமக்கு நல்லது. செலவைக் குறைக்க வேண்டும் என்று நினைக்கும் எந்தக் குடும்பமும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. இதே வரலாற்றில் எச்சரிக்கையோடு விலக்க வேண்டிய பகுதியும் உண்டு.

யார் இவர், ஏன் அப்போது

ஹானி மொட்டோகோ 1873-இல் வடகிழக்கு ஜப்பானின் ஹச்சினோஹே ஊரில் பிறந்தவர். டோக்கியோவுக்குப் படிக்க வந்து, ஆசிரியையாக வேலை பார்த்து, ஒரு வீட்டில் பணிப்பெண்ணாகவும் இருந்து, 1890-களின் இறுதியில் 'ஹோச்சி' நாளிதழில் பிழை திருத்துபவராகச் சேர்ந்தார். அங்கேயே செய்தியாளரும் ஆனார். ஜப்பானின் முதல் பெண் செய்தியாளர் என்று அவரைச் சொல்வது வழக்கம். உடன் பணியாற்றிய ஹானி யொஷிகாசுவை 1901-இல் மணந்தார். 1903-இல் இருவரும் சேர்ந்து குடும்பங்களுக்கான ஒரு மாத இதழைத் தொடங்கினார்கள். அது 1908-இல் 'ஃபுஜின் நோ தொமோ' (பெண்களின் தோழி) ஆயிற்று. 1921-இல் அவர்கள் நிறுவிய ஜியூ ககுவேன் பள்ளிக்குக் கட்டடம் வடிவமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட். இதழ், பள்ளி, கணக்குப் புத்தகம் மூன்றும் ஒரே எண்ணத்தின் மூன்று கிளைகள்: வீட்டு நிர்வாகம் அறிவோடு செய்ய வேண்டிய வேலை, அதைக் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொடுக்கலாம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1904 பிப்ரவரியில் ரஷ்யாவோடு போர் தொடங்கிவிட்டது. வரிகள் ஏறின. அதைவிட ஆழமான மாற்றம் ஒன்று நகரங்களில் நடந்துகொண்டிருந்தது. எழுத்தர்கள், ஆசிரியர்கள், அலுவலர்கள் என்று மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு வகுப்பு புதிதாக உருவாகியிருந்தது. கிராமத்து வீட்டுக்கு நெற்குதிரே அளவுகோல். நெல் எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பார்த்தாலே அடுத்த அறுவடை வரை தாங்குமா என்று தெரிந்துவிடும். சம்பளக்காரர் வீட்டில் அந்த அளவுகோல் கிடையாது. முதல் வாரம் கை நிறைய இருக்கும் பணம், இன்னும் எத்தனை நாள் ஓட வேண்டும் என்பதைத் தானாகச் சொல்லாது. அந்த வீட்டை நடத்தும் இளம் பெண்ணுக்கு மாமியாரின் அனுபவமும் முழுதாகக் கைகொடுக்காது, ஏனென்றால் மாமியார் நடத்தியது வேறு வகை வீடு. ஹானியின் புத்தகம் இந்தப் பெண்ணை நோக்கி எழுதப்பட்டது.

புத்தகத்தின் உள்ளே

இன்று உலகெங்கும் கக்கேய்போ என்ற பெயரில் சுற்றுவது மிகவும் சுருங்கிய ஒரு வடிவம்: தேவை, ஆசை, பண்பாடு, எதிர்பாராதது என்று நான்கு பெட்டிகள். ஹானியின் மூலப் புத்தகம் அப்படி எளிதாக விட்டுவிடுவதில்லை. அதில் இனங்கள் பல. வரி முதலியவை முதலில் கழியும். சேமிப்பும் மிச்சத்துக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே ஒதுக்கப்படும். மீதம்தான் குடும்பம் வாழ வேண்டிய தொகை. அது உணவு, விளக்கும் எரிபொருளும், வீடும் தட்டுமுட்டுச் சாமான்களும், துணி, கல்வி, உறவு நட்புக்கான கொடுக்கல், அறிவு வளர்ச்சி, பொழுதுபோக்கு, உடல்நலம், தொழிலுக்கான செலவு, பொதுக் காரியம், விசேஷச் செலவு என்று பிரியும்.

இந்த இனங்களில் இரண்டை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன்.

ஒன்று, பொதுக் காரியங்களுக்கான செலவு. நன்கொடை, ஊர்க்காரியம், பிறர் நலனுக்காகக் கொடுப்பது. சிக்கனம் என்று உட்காரும் வீட்டில் முதலில் வெட்டுப்படுவது இதுவாகத்தான் இருக்கும். ஹானி அதற்கு ஒரு பத்தியை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். தொகை சிறியதாக இருக்கலாம், ஆனால் அந்த வரியைக் காலியாக விடும் வீடு ஒவ்வொரு மாதமும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாக வேண்டும். கிறிஸ்தவ நம்பிக்கை கொண்ட அவருக்கு வீட்டுக் கணக்கு என்பது சுவருக்குள் அடங்கிய விஷயமாகத் தோன்றவில்லை.

இன்னொன்று உணவு. அவர் உணவை ஒரே இனமாக வைக்கவில்லை. முக்கிய உணவு, துணை உணவு, சுவையூட்டுபவை என்று மூன்றாகப் பிரித்தார். அரிசி முதலானவை முதல் பகுதி. மீன், காய்கறி, பயறு வகைகள் இரண்டாவது. உப்பு, சோயா, சர்க்கரை போன்றவை மூன்றாவது. முக்கிய உணவுக்கும் சுவையூட்டுபவற்றுக்கும் ஆகும் செலவு மாதாமாதம் பெரிதாக மாறாது. ஆடுவது நடுவில் இருப்பதுதான். ஒரு நாள் மீன், ஒரு நாள் விருந்தாளி, ஒரு நாள் சந்தையில் கண்ட பழம். அதனால் துணை உணவுக்கு மட்டும் நாள்வாரியாகத் திட்டத் தொகை ஏறிக்கொண்டே போகும் ஒரு வரி உண்டு. அதன் பக்கத்தில் அன்றுவரை ஆன செலவின் கூட்டுத்தொகை. இரண்டையும் தினம் ஒப்பிட வேண்டும்.

இந்தச் சின்ன அமைப்பில்தான் முறையின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. நம் ரூபாயில் ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பால், காய்கறி, பழம், முட்டை, மீன் எல்லாம் சேர்த்து மாதம் 7,500 ரூபாய் என்று ஒரு வீடு முடிவு செய்கிறது. நாளுக்கு 250. பத்தாம் தேதி இரவு திட்ட வரி 2,500 காட்ட வேண்டும். நடுவில் இரண்டு நாள் உறவினர் வந்து தங்கினார்கள், செலவு 3,100 ஆகிவிட்டது. 600 ரூபாய் முன்னே போய்விட்டோம். மாதக் கடைசியில் இது தெரியவந்தால் வருத்தப்படுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. பத்தாம் தேதியே தெரிந்தால் கையில் 4,400 ரூபாயும் 20 நாட்களும் இருக்கின்றன, நாளுக்கு 220. ஒரு நாளுக்கு 30 ரூபாய் குறைத்தால் போதும். ஒரு வேளை வஞ்சிரத்துக்குப் பதில் மத்தி, பழத்தில் ஆப்பிளுக்குப் பதில் கொய்யா. யாரும் பட்டினி கிடக்க வேண்டாம், யாரும் யாரையும் குத்திக்காட்டவும் வேண்டாம். விருந்தினரைக் குறை சொல்லும் பேச்சும் எழாது, ஏனென்றால் அந்த 600 ரூபாய் எங்கிருந்து ஈடாகப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

செலவைக் குறைப்பது என்றதும் பெரும்பாலான வீடுகள் ஒரே நாளில் பெரிய முடிவுகளை எடுக்கின்றன. இனி வெளியில் சாப்பாடு கிடையாது, இனி துணி கிடையாது. அந்த முடிவுகள் பதினைந்து நாள் தாங்கினால் அதிகம். ஹானியின் தினசரி வரி கேட்பது சிறிய திருத்தங்களை. சிறியவை என்பதால்தான் ஒரு குடும்பத்தால் அவற்றை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து செய்ய முடிகிறது.

பிறரோடு சேர்ந்து போடும் கணக்கு

புத்தகம் மட்டும் தனியே விற்றிருந்தால் அலமாரியில் தூங்கியிருக்கும். ஹானியின் இதழ் வாசகர்களின் குடும்பக் கணக்குகளை வெளியிட்டு அவற்றைப் பற்றி எழுதியது. 1930-இல் வாசகர்கள் ஒன்று சேர்ந்து 'தொமோ நோ காய்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அருகருகே வசிப்பவர்கள் சிறு குழுக்களாகக் கூடி, அவரவர் கணக்கை எடுத்துவந்து பேசுவது அதன் வழக்கம். இந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. உறுப்பினர்களின் வீட்டுச் செலவுகளைத் தொகுத்துச் சராசரியும் பார்க்கிறார்கள். அதனால் ஒரு பெண், தன்னைப் போலவே நான்கு பேர் உள்ள, ஏறக்குறைய அதே வருமானமுள்ள இன்னொரு வீட்டில் எரிபொருளுக்கு எவ்வளவு ஆகிறது என்று தெரிந்துகொள்ள முடியும். தன் வீட்டில் அதைவிட இரு மடங்கு ஆகிறதென்றால் காரணம் தேடத் தோன்றும்.

நம்மிடையே பணம் பற்றிப் பேசுவது கூச்சமான காரியம். சம்பளம் எவ்வளவு என்று கேட்பது நாகரிகமில்லை, கடன் எவ்வளவு என்று சொல்வது மானக்கேடு. இந்தக் கூச்சத்தின் விலை பெரியது. பக்கத்து வீட்டின் கார் தெரிகிறது, அதன் மாதத் தவணை தெரிவதில்லை. கல்யாண மண்டபத்தின் அலங்காரம் தெரிகிறது, அதற்காக வைத்த நகைக்கடன் தெரிவதில்லை. தெரிந்ததை மட்டும் பார்த்து ஒவ்வொரு வீடும் தன் செலவை உயர்த்திக்கொள்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்தக் கூச்சத்தை ஓரளவு உடைத்திருக்கின்றன. அங்கே வாரச் சேமிப்பும் கடன் திருப்பமும் எல்லோர் முன்னிலையிலும் நோட்டில் ஏறுகின்றன. அந்த நோட்டுக்குப் பக்கத்தில் வீட்டுச் செலவுக் கணக்கும் ஒரு நாள் இடம் பிடித்தால் பலன் பெரிதாக இருக்கும் என்று நம்புகிறேன்.

1946: கணக்கு உயிர்ப் பிரச்சினையான ஆண்டு

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானில் விலைவாசி கட்டறுந்து ஏறியது. 1946 பிப்ரவரியில் அரசு வங்கிக் கணக்குகளை முடக்கியது. பழைய யென் நோட்டுகள் மார்ச் தொடக்கத்தில் செல்லாமல் போயின. முடக்கப்பட்ட சேமிப்பிலிருந்து மாதம் எடுக்கக்கூடியது குடும்பத் தலைவருக்கு 300 யென், மற்ற ஒவ்வொருவருக்கும் 100 யென். சம்பளத்திலும் ரொக்கமாகக் கிடைப்பது 500 யென் வரைதான். 2016 நவம்பரில் நம் ஊரில் ஏடிஎம் வாசல்களில் நின்றவர்களுக்கு இந்த நிலைமையின் ஒரு பகுதியாவது புரியும். 1946-இல் ஜப்பானிய நகரக் குடும்பங்களின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உணவுக்கே போனது.

வீடுகள் என்ன விலைக்கு என்ன வாங்குகின்றன என்பதை அரசு அறிய வேண்டியிருந்தது. 1946-இல் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பு பின்னர் குடும்ப வருமான-செலவு ஆய்வாக வளர்ந்து இன்றுவரை மாதாமாதம் நடக்கிறது. தேர்ந்தெடுக்கப்படும் சுமார் 9,000 வீடுகள் தங்கள் வரவு செலவைக் கணக்குப் புத்தகத்தில் எழுதித் தருகின்றன. இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீடுகள் ஆறு மாதம், தனியாக வாழ்பவர்கள் மூன்று மாதம் எழுத வேண்டும். அரிசி முதல் பேருந்துக் கட்டணம் வரை வரி வரியாக எழுத ஒரு நாட்டு மக்கள் ஒப்புக்கொள்கிறார்கள் என்றால், அந்தப் பழக்கம் அதற்கு முன்பே வீடுகளுக்குள் ஊறியிருக்க வேண்டும்.

1952-இல் ஜப்பான் வங்கியின் அரவணைப்பில் சேமிப்புப் பெருக்கத்துக்கான ஒரு மத்தியக் குழு அமைந்தது. அதுவும் வீட்டுக் கணக்குப் புத்தகங்களைப் பரப்பியது. 1955-இல் 'புது வாழ்வு இயக்க'த்துக்கென ஒரு சங்கம் உருவானது. கல்யாணம், சாவு, பரிசு கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றை எளிமையாக்க வேண்டும் என்று அது ஊர் ஊராகப் பேசியது. தனியொரு குடும்பத்தால் குறைக்க முடியாத செலவு இது. நான் மட்டும் சீர் குறைத்தால் என் மகள் தலைகுனிவாள். ஊரே சேர்ந்து குறைத்தால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. நம் ஊர்களிலும் மொய், சீர், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வரும் செலவுகளை ஒரு வீட்டுக் கணக்கு நோட்டால் மட்டும் அடக்கிவிட முடியாது. அங்கே தேவைப்படுவது உறவுகளுக்குள் ஒரு பேச்சு.

அந்தக் காலச் சம்பளம் உறையில் ரொக்கமாக வந்தது. கணவன் அதை அப்படியே மனைவி கையில் கொடுப்பதும், அவள் அதிலிருந்து அவனுக்குக் கைச்செலவுக்கு ஒரு தொகை கொடுப்பதும் போருக்குப் பிந்தைய நகரக் குடும்பங்களில் வழக்கமாயின. இனத்துக்கு ஓர் உறை என்று பணத்தைப் பிரித்து வைத்தார்கள். ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் குளிர்காலத்திலும் வரும் போனஸ் மாதச் செலவில் கலக்காது. அது சேமிப்புக்கும் பெரிய சாமான்களுக்கும் தனியே நின்றது. தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி மூன்றும் 1950-களின் இறுதியில் வீட்டுக்கு வீடு ஆசைப்பட்டவை. பல குடும்பங்களில் அவை போனஸ் பணத்தின் வழியே வந்தன. 1968 டிசம்பரில் டோக்கியோவுக்கு அருகே ஃபுச்சுவில் தோஷிபா தொழிற்சாலை ஊழியர்களின் போனஸ் பணமான சுமார் 30 கோடி யென் வண்டியோடு கொள்ளை போனது. அதன் பிறகுதான் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடும் பழக்கம் வேகம் பிடித்தது என்பார்கள். உறை மறைந்தது. பணம் கண்ணிலிருந்து விலகியது.

1973 எண்ணெய் நெருக்கடியில் ஒசாகா பக்கத்தில் கழிப்பறைக் காகிதத்துக்காகக் கடைகளில் கூட்டம் முட்டி மோதியது. 1974-இல் நுகர்வோர் விலை 23 சதவீதம் ஏறியது. விலை ஏறும்போது பணத்தைச் செலவழித்துவிடுவதே லாபம் என்று பாடப்புத்தகம் சொல்லலாம். ஜப்பானியக் குடும்பங்கள் அதற்கு நேர் எதிராக நடந்தன. அவற்றின் சேமிப்பு விகிதம் 1970-களின் நடுவில் 23 சதவீதத்தை ஒட்டி உச்சத்துக்குப் போனது. இதற்குக் கணக்குப் புத்தகம் மட்டுமே காரணம் என்று சொல்வது தவறு. வேகமாக வளர்ந்த வருமானம், போனஸ் முறை, இளைஞர்கள் மிகுந்த மக்கள்தொகை, முதுமைக்கான பாதுகாப்பு அப்போது குறைவாக இருந்தது, வீடு வாங்க முன்பணம் பெரிதாகத் தேவைப்பட்டது எனக் காரணங்கள் பல. பின்னாளில் முதியோர் பெருகியபோது அதே விகிதம் சரிந்து, 2010-களின் நடுவில் சுழியைத் தொட்டது. நோட்டு எழுதும் பழக்கம் ஒரு வீட்டின் நிதானத்தைக் காக்கும். நாட்டுப் பொருளாதாரத்தின் போக்கை அதன் தலையில் ஏற்றக் கூடாது.

பிசகிய இடம்

இந்த வரலாற்றை மெச்சி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் ஒரு பகுதி உண்டு. டோக்கியோ பகுதியைத் தாக்கிய 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு அரசு நடத்திய உழைப்பு-சிக்கன இயக்கங்களில் பெண் தலைவர்கள் பலர் பங்கெடுத்தார்கள். ஹானியும் அவர்களில் ஒருவர். 1938-இல் சீனப் போருக்காக அரசு தேசியச் சேமிப்பு இயக்கத்தை முடுக்கியது. தெருவுக்குத் தெரு, தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை சேமிப்புச் சங்கங்கள் எழுந்தன. எவ்வளவு சேமிக்க வேண்டும் என்பதை வீடு முடிவு செய்யவில்லை. மேலிருந்து இலக்கு வந்தது. அக்கம்பக்கத்தார் கண்காணித்தார்கள். சேமிக்காதவர் நாட்டுப்பற்று இல்லாதவர் ஆனார். தாய்மார்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த அந்தப் பணம் போர்ச் செலவுக்குப் போனது. போர் முடிந்தபின், 1930-களின் நடுவில் இருந்ததைவிட விலைகள் நூறு மடங்குக்கும் மேல் ஏறியபோது அந்தச் சேமிப்புக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. நோட்டு அதேதான், எழுதிய கைகளும் அதே கைகள்தான். ஆனால் 'எதற்காக' என்ற கேள்வி வீட்டை விட்டு வெளியே போய்விட்டது. திட்டமிட்ட செலவு என்பதன் சாரம், தீர்மானம் அந்த வீட்டில் இருப்பவர்களுடையதாக இருப்பது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: வீட்டுக்குள்ளேயும் இதே பிசகு சிறிய அளவில் நடக்கிறது. கணவன் ஒரு தொகையை நிர்ணயித்துவிட்டு, அதற்குள் நடத்து என்று மனைவியிடம் கொடுத்தால், அல்லது மாமியார் திட்டம் போட்டு மருமகள் கணக்குக் காட்ட வேண்டியிருந்தால், அந்த நோட்டு கண்காணிப்பு நோட்டு ஆகிறது. அப்போது சிறுவாட்டுப் பணம் அரிசிப் பானைக்குள் ஒளியத்தான் செய்யும். ஜப்பானிலும் மனைவிமார் ரகசியமாகச் சேர்த்து வைக்கும் வழக்கம் உண்டு. ஒளித்து வைப்பவரைக் குற்றம் சொல்வதற்கு முன், ஒளிக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று அந்த வீடு கேட்டுக்கொள்ள வேண்டும். யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாத ஒரு சிறு தொகை கணவன், மனைவி, வீட்டில் இருக்கும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் திட்டத்திலேயே இருப்பது நல்லது.

நம் அடுப்படிக்கு எது பொருந்தும்

ஹானியின் இனப் பட்டியலை அப்படியே பெயர்த்து எடுத்தால் நமக்கு ஒட்டாது. ஆனால் உணவை மூன்றாகப் பிரித்தது நமக்கு இன்றைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது, பிரிப்பை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும். மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, உணவுக்குள் மிகப் பெரிய பங்கு எடுப்பது அரிசியோ பாலோ காய்கறியோ அல்ல. பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவை அடங்கிய பிரிவு. மொத்தச் செலவில் அது கிராமங்களில் 9.84 சதவீதம், நகரங்களில் 11.09 சதவீதம். ஆகவே அரிசி-பருப்பு-எண்ணெய் ஒரு பத்தி, பால்-காய்-பழம்-மீன்-முட்டை ஒரு பத்தி, கடையில் தயாராக வாங்கித் தின்பது குடிப்பது தனி ஒரு பத்தி என்று வைத்துக்கொண்டால் நம் வீட்டின் உண்மை நிலை தெரியும். நாள்வாரி வரி மூன்றாவது பத்திக்குத்தான் மிகவும் தேவை. டீ, பஜ்ஜி, பிஸ்கட் பாக்கெட், கைப்பேசியில் சொன்னால் அரை மணியில் வாசலுக்கு வரும் பிரியாணி எல்லாம் சேர்வது அங்கேதான்.

யூபிஐ வந்த பிறகு செலவைப் பதிவு செய்யும் வேலை தானாக நடந்துவிடுகிறது. பத்து ரூபாய் டீக்கும் வங்கிக் கணக்கில் ஒரு வரி இருக்கிறது. அதனால் நமக்கு இப்போது குறைவாக இருப்பது பதிவு அல்ல, முன்கூட்டிய முடிவு. உறைகளின் வேலையை இன்று இன்னொரு வங்கிக் கணக்கு செய்யலாம். சம்பளம் வரும் கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக்கான தொகையை மட்டும் மாதம் பிறந்ததும் இன்னொரு கணக்குக்கு மாற்றி, கைப்பேசிப் பணத்தை அதனோடு மட்டும் இணைத்துவிட்டால், மீதம் எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் கண்ணில் படும்.

மின்சாரத்தில் இந்த இடைக்காலப் பார்வையின் பலன் ரூபாயாகவே தெரியும். தமிழ்நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த விகிதப்படி, இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்குக் கட்டணம் 1,805 ரூபாய். 510 யூனிட் ஓடினால் 2,124 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய். காரணம், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகை போய்விடுகிறது. தாண்டிய யூனிட்டுகளுக்கோ 8 ரூபாய் 40 காசு. கணக்கெடுப்பாளர் வந்துபோன பிறகு அட்டையைப் பார்ப்பதில் பயனில்லை. முப்பதாவது நாள் மீட்டரைப் பார்த்து, 250-க்கு மேல் எவ்வளவு போயிருக்கிறது என்று குறித்தால், மீதி முப்பது நாட்கள் கையில் இருக்கின்றன. ஏசியை ஒரு மணி நேரம் முன்னதாக அணைப்பது, ஹீட்டருக்குப் பதில் அடுப்பில் வெந்நீர் வைப்பது போன்ற சிறு மாற்றங்களே அந்தப் பத்து யூனிட்டை மீட்டுவிடும்.

கடைசியாக, விசேஷச் செலவு. நம் வீடுகளில் துண்டு விழுவதற்கும் நகை அடகுக்குப் போவதற்கும் மாதச் செலவைவிட இது பெரிய காரணம். தீபாவளி எந்த மாதம் என்று எல்லோருக்கும் தெரியும், ஜூனில் பள்ளி திறக்கும் என்றும் தெரியும், காப்பீட்டுத் தவணைத் தேதி பத்திரத்திலேயே இருக்கிறது. தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அது திடீர்ச் செலவாக வந்து நிற்கிறது. இதற்கும் ஓர் உதாரணம்: பள்ளி திறப்புக்கு 15,000, தீபாவளிக்கு 12,000, காப்பீட்டுக்கு 10,000, ஆண்டு முழுதும் மொய்க்கு 8,400, பொங்கலுக்கு 5,000. மொத்தம் 50,400, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,200. இந்த 4,200 ரூபாயை வாடகை போலக் கட்டாயமாக எடுத்து, தொடர் வைப்பிலோ நம்பகமான ஒரு சீட்டிலோ போட்டு வைக்க வேண்டும். முதல் ஆண்டு முழுதாக முடியாமல் போகலாம். அப்போது அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும், விவரம் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களும் உட்கார்ந்து, எதைச் சிறிதாக்குவது என்று பேச வேண்டும். தீபாவளித் துணியா, மொய்த் தொகையா, பள்ளியையே மாற்றுவதா என்பது அந்தந்த வீட்டின் முடிவு. தொமோ நோ காய் உறுப்பினர்கள் ஆண்டு பிறக்கும் முன் புதிய புத்தகத்தை விரித்து இப்படித்தான் அடுத்த ஆண்டின் தொகைகளை எழுதுகிறார்கள். நமக்குச் சித்திரை வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சம்பளத் தேதிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை போதும்.